சலவைக் கூடையில் ஒரு மூச்சு

கிட்டே வாருங்கள் கண்ணுகளா... இன்னும் கொஞ்சம் கிட்டே. ஒரு கதை சொல்கிறேன். நெஞ்சு படபடக்கும். பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், தப்பே இல்லை.

"ஐயோ..!"

மலை மேல் இருந்த அந்தச் சின்ன ஹோட்டல் அதிர்ந்தது.

காலை மணி ஒன்பது.

அலறியது ரிசப்ஷன்காரப் பெண். பன்னிரண்டாம் அறை வாசலில் ட்ரேயோடு நின்றாள். ட்ரே கையில் இருந்தது. டீ தரையில் இருந்தது!

முந்தின நாள் சாயங்காலம் தனியாக வந்து தங்கிய மனிதர், குளியலறைக்கு உள்ளே பாதி, வெளியே பாதியாகக் கிடந்தார். லுங்கி, பனியன். குழாயில் வெந்நீர் ஆவி பறக்கக் கொட்டிக்கொண்டிருந்தது.

"எதுக்குடி இப்படிக் கத்தறே? கெஸ்ட்டெல்லாம் எழுந்துடப் போறாங்க!"

ஓடி வந்தவர் ஹோட்டல் முதலாளி. அவளுடைய அத்தை புருஷன். வேலை கொடுத்த புண்ணியவான்... அன்று காலை வரைக்கும்.

"மாமா... அவரு அசையவே மாட்டேங்கறாரு..."

மாமா எட்டிப் பார்த்தார். முதலில் குழாயை மூடினார். அடுத்து அறைக் கதவைத் தாழிட்டார். செல்போனில் யாரையோ கிசுகிசுவென்று வரச் சொன்னார்.

"டாக்டரைக் கூப்பிடலாம் மாமா!"

"செத்தவனுக்கு எதுக்கு டாக்டர்?"

"தொட்டுக்கூடப் பாக்கலையே நீங்க!"

"தொட்டா என் கைரேகை விழும். வாயை மூடு."

அவள் மூடினாள். ஆனால் கண்ணை மூட முடியவில்லை. கிடந்தவரின் கன்னம் ரோஜா நிறத்தில் இருந்தது. செத்தவர் முகம் வெளுக்கும் என்றல்லவா சொல்வார்கள்?

"இந்த வாரம் யார் வரப்போறான்னு தெரியுமில்ல உனக்கு?" மாமா பல்லைக் கடித்தார். "சுற்றுலாத்துறை இன்ஸ்பெக்டர்! சொல்லாம கொள்ளாம, கெஸ்ட் மாதிரி வந்து தங்குவான். மூணாவது ஸ்டார் குடுக்கறதா வேணாமான்னு அவன்தான் எழுதுவான். அவன் வர்ற நேரத்துல ரூம்ல பொணம் கிடந்தா..? ஸ்டார் என்ன, லைசென்ஸே போயிடும்!"

கதவு தட்டப்பட்டது.

அவள் துள்ளி விழுந்தாள்.

"நான்தான் மச்சான்."

மாமாவின் தங்கை புருஷன். ஹோட்டல் வேன் டிரைவர். ஊரில் 'கியர்' என்றால்தான் தெரியும். சக்கரம் வைத்த சலவைக் கூடையை உருட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"வியூ பாயிண்டுக்குக் கொண்டு போயிடலாம் மச்சான். செல்ஃபி எடுக்கறப்போ கால் வழுக்கிடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

"வேலி இருக்கேடா அங்க?"

"கவர்மெண்டு வேலி மச்சான். 'சாயாதீர்கள்'னு போட்ட போர்டு மட்டும்தான் கெட்டியா நிக்குது."

"நான் வரல..." அவள் பின்வாங்கினாள்.

மாமா மெதுவாகத் திரும்பினார்.

"நேத்து இவனுக்குப் பால் கொண்டு போனது யாரு?"

"நா... நான்தான்."

"பால்ல என்ன கலந்தேன்னு போலீஸ் யாரைக் கேக்கும்?"

அவள் குனிந்து கூடையின் ஓரத்தைப் பிடித்தாள்.

பத்து நிமிடத்தில் வேன் கிளம்பியது. கியர் ஓட்டினான். பின்னால் கூடை. கூடைக்கு இந்தப் பக்கம் அவள்; அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி மாமா.

கொண்டை ஊசி வளைவுகள். திறந்த ஜன்னலில் குளிர்காற்று அறைந்தது.

மூன்றாவது வளைவில்தான் அவள் பார்த்தாள்.

மேலே மூடியிருந்த படுக்கை விரிப்பு... தாழ்ந்தது.

எழும்பியது!

மறுபடி தாழ்ந்தது!

விரலை விரிப்புக்கு அடியில் நுழைத்தாள். வெதுவெதுவென்று ஒரு காற்று பட்டது.

"மாமா! மூச்சு வருது! உசுரோட இருக்காரு!"

மாமாவும் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

வேன் திரும்பிவிடும் என்று நம்பினாள், பாவம்.

"கியர்..." என்றார் மாமா. "கொஞ்சம் வேகமா போ."

"மாமா! அது கொலை மாமா!"

"எழுந்தான்னா என்ன சொல்வான்? உசுரோட கூடையில அடைச்சாங்கன்னு சொல்வான். அவனா, நாமளான்னு ஆயிடுச்சு."

அவள் விலாவில் ஏதோ குத்தியது. குனிந்து பார்த்தாள். நீளமான ஸ்குரூ டிரைவர்!

"செக்போஸ்ட் வருது. சிரிச்ச முகமா உக்காரு."

மலைப்பாதையின் கடைசி வளைவில் சுற்றுலாத்துறையின் செக்போஸ்ட். காவலுக்கு ஒரு பெண்மணி. எல்லாரும் 'பிளாஸ்டிக் அக்கா' என்பார்கள். மலையில் பிளாஸ்டிக் கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டதிலிருந்து அவள் உலகத்தில் வேறு குற்றமே கிடையாது. ஒரு முறை மந்திரி காரையே நிறுத்தி, கூல்டிரிங்க்ஸ் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பியவள்!

"என்ன, துணியா?" ஜன்னலில் தலை நீட்டினாள் அக்கா.

"ஆமாக்கா. வெளுக்கப் போடணும்." மாமா குழைந்தார்.

"பாட்டில் கீட்டில் இருக்கா?"

"சேச்சே! நம்ம ஹோட்டல்லயா?"

"சரி, போங்க."

தடுப்புக் கம்பி உயர ஆரம்பித்தது.

'கொலை' என்று கத்தினால் கம்பி இறங்கும் முன் ஸ்குரூ டிரைவர் இறங்கிவிடும். சும்மா இருந்தால்... இன்னும் இரண்டே நிமிடத்தில் பள்ளத்தாக்கு!

சட்டென்று வாயைத் திறந்தாள்.

"அக்கா! கூடைக்குள்ள பிளாஸ்டிக் பாட்டில் இருக்குக்கா! இருபத்தி நாலு!"

மாமா திகைத்தார். இதற்கு எதற்குக் குத்துவது என்று ஒரு விநாடி யோசித்துவிட்டார்.

அந்த ஒரு விநாடி போதும்!

டமார்! கம்பி இறங்கியது.

"இறங்குங்க எல்லாரும்!" அக்காவின் விசில் மலையைப் பிளந்தது. செக்போஸ்ட் அறையிலிருந்து இரண்டு டூரிஸ்ட் போலீஸ்காரர்கள் ஓடி வந்தார்கள்.

"அக்கா, விளையாட்டுக்குச் சொல்லுதுக்கா இது! சத்தியமா ஒரு பாட்டில்கூட இல்ல!"

"இல்லேன்னா எதுக்கு உங்களுக்கு இந்தக் குளிர்ல வேர்க்குது?"

பின்கதவைத் திறந்து விரிப்பை உருவினாள் அக்கா. ஒன்று. இரண்டு. மூன்றாவதை உருவியதும்...

ஒரு கால்!

"அடப்பாவிங்களா! இது பாட்டில் இல்லையேடா!"

கூடை இருமியது.

மாமா ஓடினார். கியரும் ஓடினான். வளைவைத் தாண்டும் முன்பே இருவரையும் போலீஸ் அமுக்கியது. ரிசப்ஷன்காரப் பெண் மட்டும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

மதியம். ஆஸ்பத்திரி.

"பால்ல விஷமெல்லாம் ஒண்ணுமில்ல," என்றார் டாக்டர். "பாத்ரூம்ல கேஸ் ஹீட்டர். காத்து போக வழியில்ல. நச்சுக் காத்து உள்ளேயே தங்கிடுச்சு. அதான் கன்னமெல்லாம் அப்படிச் சிவந்திருக்கு. வேன் ஜன்னல் திறந்திருந்ததோ, பிழைச்சாரோ!"

அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

கட்டிலில் இருந்தவர் கண் திறந்தார். ஆக்சிஜன் குழாயை விலக்கினார். வாக்குமூலம் எழுத வந்திருந்த டூரிஸ்ட் போலீஸ் பெண் அதிகாரியைப் பார்த்து முனகினார்.

"நான்... சுற்றுலாத்துறை இன்ஸ்பெக்டர்!"

ரிசப்ஷன்காரப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டாள். யார் கண்ணில் படாமல் மறைக்கப் பார்த்தார்களோ, அவரையேதான் கூடையில் வைத்திருக்கிறார்கள்!

"அந்த ஹோட்டல்ல பாத்ரூம் வென்டிலேட்டர் ஜன்னலை அட்டை வெச்சு அடைச்சிருக்காங்க!" அவருக்கு மூச்சு வாங்கியது. "அதுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் குடுத்தது எந்த முட்டாள்? அவனை வேலையை விட்டுத் தூக்காம நான் விட மாட்டேன்!"

பெண் அதிகாரி ஹோட்டலில் கைப்பற்றிய ஃபைலிலிருந்து அந்தச் சான்றிதழை எடுத்தாள். அவள் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது.

"எனக்குக் கண்ணு மங்கலா இருக்கு. படிங்க!"

"'நேரில் ஆய்வு செய்தேன். எல்லாம் திருப்தி'ன்னு எழுதியிருக்கு சார்."

"கையெழுத்து?"

"அது வந்து..."

"யாரா இருந்தாலும் சொல்லும்மா!"

"நீங்கதான் சார்."

இன்ஸ்பெக்டர் தலையணையிலிருந்து பாதி எழுந்தார்.

"நானா..? நான் இந்த மலைக்கே இப்பத்தானேம்மா முதல் தடவையா வர்றேன்!"

பெண் அதிகாரி பேனா மூடியைத் திறந்தாள்.

"பரவால்ல சார்... லேட்டானாலும் நேர்ல ஆய்வு பண்ணிட்டீங்க!"

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் எல்லாரும் நீண்ட ஆயுசோடு நல்ல காற்றை நெஞ்சு நிறைய வாங்கட்டும். பார்க்காமல் கையெழுத்துப் போட்ட எந்தப் பொருளும் உங்கள் வாசல்படி ஏறாமல் இருக்கட்டும்.