மூன்றாவது ஜன்னல்

கதவைத் திறந்தவனின் கண்களைப் பார்த்ததும் அவளுக்கு வந்த முதல் எண்ணம்... 'ஐயோ, தூக்கத்தைக் கெடுத்துட்டேனோ!'

"லிஃப்ட் ரிப்பேர்னு கீழ ஒரு போர்டு வைக்கக் கூடாதா சார்? மூணு மாடி! மூச்சு வாங்குது. ஜன்னலுக்கு கர்ட்டன் அளவெடுக்க வந்திருக்கேன்."

சொல்லும்போதே செருப்பைக் கழற்றிவிட்டாள். நெற்றி முடியிலிருந்து மழைநீர் மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்... அந்தச் சொட்டைப் பார்த்தான்... பேசாமல் வழிவிட்டான்.

கர்ட்டன் கடையில் அவள் தையல்காரி. கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்குவதால் அண்ணன் வைத்த பெயர் 'டேப்பு'. கடைச் சீட்டில் மூன்று ஜன்னல், புதிதாகக் குடிவரும் குடும்பம் என்று எழுதியிருந்தது. அதற்கேற்றாற்போல் கூடத்தில் பிரிக்காத அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒன்றின் மேல் விரலால் சும்மா ஒரு கோடு இழுத்தாள்.

"ஏறி நிக்க ஒரு நாற்காலி கிடைக்குமா?"

"ஒண்ணுதான் இருக்கு."

"நானும் ஒருத்திதானே சார்!" என்று அதில் ஏறி நின்றாள்.

அவன் சிரித்தான். சிரித்துப் பழக்கமில்லாத முகம். முதலில் கண்கள் சிரித்தன, உதடுகள் யோசித்து யோசித்துப் பின்னால் வந்தன. அவளுக்கு நாற்காலி லேசாக ஆடியதுபோல் இருந்தது... நாற்காலி ஆடவில்லை.

"டேப்பை இழுத்துப் பிடிங்க. நடுவுல தொய்யுது" என்றான் அவன்.

"அடேயப்பா... அளவெல்லாம் தெரியுமோ?"

"சர்வேயர். நிலம் அளக்கிறதுதான் பொழப்பு."

"ஊர் நிலத்தையெல்லாம் அளந்துட்டு, சொந்த ஜன்னலை அளக்க என்னைக் கூப்பிட்டீங்களாக்கும்!"

அவன் வெளியே மழையைப் பார்த்தான்.

எந்த வீட்டுக்குப் போனாலும் அவள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அவர்கள் காட்டும் இடத்தில் போய் நின்று பார்த்தால்தான் வெளிச்சம் எவ்வளவு வேண்டும் என்று அவளுக்குப் பிடிபடும். "வேலை முடிஞ்சு வந்ததும் முதல்ல எங்க உட்காருவீங்க?"

இதற்கு இவ்வளவு நேரம் யோசிப்பவனை அவள் பார்த்ததில்லை.

"தெரியலையே... வருவேன். படுத்துடுவேன்."

"சரி, இன்னைக்கு எங்க உட்காரத் தோணுது?"

மூன்றாவது ஜன்னலின் ஓரத்தைக் காட்டினான். அவள் அங்கே போய் நின்றாள். எதிரே ஒரு மரம், நனைந்த மொட்டைமாடி, அதற்கு மேல் வானம். "நல்ல இடம் சார்... இங்க நானே உட்கார்ந்துடுவேன் போல" என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பத்து நாளில் எல்லாம் தலைகீழானது.

தைத்து, இந்த முறை லிஃப்டில் எடுத்துப்போன இளமஞ்சள் கர்ட்டன்கள் எந்த ஜன்னலிலும் பொருந்தவில்லை. ஒன்று ஒரு முழம் குறைந்தது, ஒன்று தரையில் புரண்டது. வீட்டுக்கார அம்மா கத்திய கத்தலில் மாடி முழுக்கக் கதவு திறந்தது. சீட்டில் 'மூணாவது மாடி, இடது பக்கம்' என்று இருந்தது. லிஃப்டிலிருந்து வெளியே வந்தால் இடது. அவளோ அன்று படியேறிப் போனவள். படியிலிருந்து வந்தால் இடது பக்கம் சர்வேயர் வீடு.

"எதிர்வீட்டை அளந்துட்டு வந்து நிக்கிறியே, உனக்குக் கண்ணு எங்க போச்சு?" என்று கேட்ட முதலாளியம்மா, அன்றோடு கணக்கை முடித்து அனுப்பிவிட்டாள்.

அந்த வேலைதான் அவளை அண்ணன் வீட்டில் நிறுத்தியிருந்தது. அப்பா போனதும் வீடு கைமாறியது. அப்புறம் பெரியப்பா வீடு, அக்கா வீடு, ஹாஸ்டல், இப்போது அண்ணன் வீடு. அண்ணி கெட்டவள் இல்லை. திட்டினால் சண்டையாவது போடலாம். "மிஷினைக் கொஞ்சம் நகர்த்திக்கிறியாம்மா?" என்று பாசமாகத்தான் கேட்பாள். தையல் மிஷின் கூடத்திலிருந்து நடைக்கு வந்தது, நடையிலிருந்து பால்கனிக்குப் போனது. இப்போது அண்ணிக்கு ஏழாவது மாதம். பால்கனியில் குழந்தைத் துணி காய வேண்டும்.

"வேலையும் இல்லேன்னா இங்க இருந்து என்ன பண்ணப்போற டேப்பு? அக்கா கூப்பிடறா, போயேன்" என்றான் அண்ணன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அக்காவோ போனில், "நீ மட்டும் வாடி, மிஷினுக்கெல்லாம் இங்க இடமில்லை" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயில். ஊரில் உள்ளவர்களின் வீட்டையெல்லாம் அழகாக்கிவிட்டு, தனக்கென்று ஆணி அடிக்க ஒரு சுவர் இல்லாமல் போனதை நினைத்து, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

சனிக்கிழமை முதலாளியம்மா போன் செய்தாள். "அந்த சர்வேயர் கர்ட்டனை எடுத்துக்கிட்டார். தைச்சவங்களே வந்து மாட்டணுமாம். போய் முடிச்சுக் கொடுத்துடு."

அன்றும் மழை. அவள் நாற்காலியில் ஏறினாள், கம்பியைப் பொருத்தினாள், மடிப்பு மடிப்பாகத் தள்ளிவிட்டாள். மூன்றாவது ஜன்னலும் முடிந்தபோது, மழை வெளிச்சம் துணிக்குள் புகுந்து அறை முழுவதும் இளமஞ்சளாகிவிட்டது. வெறும் பெட்டிகளும் ஒற்றை நாற்காலியும்கூட யாரோ ஆசையாக வைத்தவைபோல் தெரிந்தன.

"பாவம் பார்த்து வாங்கினீங்களா?" என்றாள்.

"இல்லை... திங்கட்கிழமை நான் கிளம்பறேன். மாற்றல் வந்துடுச்சு."

"அப்புறம் எதுக்கு இது?"

"ரெண்டு நாள் இருந்து பார்க்கலாம்னு." அவன் கர்ட்டன் மடிப்பைத் தொட்டுப் பார்த்தான். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நீங்க வீடு மாறி வந்தது எனக்கு வாசல்லயே தெரியும். நான் யாரையும் கூப்பிடலையே. சொல்லியிருக்கணும்... பதினோரு மாசமா இந்த வாசப்படியை யாரும் மிதிக்கல. எங்க உட்காருவேன்னு யாரும் கேட்டதில்லை. சொன்னா கிளம்பிடுவீங்களேன்னு..."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"என் வேலை போச்சு, தெரியுமா? நாளைக்கு என்னை மூட்டை கட்டி அக்கா வீட்டுக்கு அனுப்பறாங்க! தெரியுமா உங்களுக்கு?"

"வேலை போனதை எதிர்வீட்டு அம்மா சொன்னாங்க. அதான்..." அவன் தரையைப் பார்த்தான். "என்கூட வந்துடுங்களேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. மிஷினோட வாங்க."

மிஷினோட! அந்த ஒரு வார்த்தையில் அவள் நெஞ்சு உடைந்தது. ஆனாலும் தலையை ஆட்டினாள்.

"மாட்டேன். போக்கிடம் இல்லாம ஒவ்வொரு வாசலா போய் நின்னாச்சு. உங்க வாசல்லயும் அப்படி வந்து நிக்க மாட்டேன்."

செருப்பை மாட்டக் குனிந்தவளின் கண்ணில் அந்த அட்டைப்பெட்டி பட்டது. தூசியில் அவள் அன்று இழுத்த கோடு அப்படியே இருந்தது. அவன் துடைக்கவில்லை.

ஒரு கால் செருப்போடு அங்கேயே நின்றாள்.

"இத்தனை தூசி..." என்றாள் மெல்ல. "புதுசா குடிவர்ற வீட்டுப் பெட்டியில ஏது இவ்வளவு தூசி? சமையலறையில ஒரு தட்டு, ஒரு டம்ளர். ரெண்டு ஜன்னல் அளந்தப்பவே வீடு மாறிட்டேன்னு எனக்கும் தெரிஞ்சுபோச்சு."

அவன் நிமிர்ந்தான்.

"தெரிஞ்சும் மூணாவதை அளந்தேன். கேட்டா கிளம்பணுமே... கடையில போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லல. எதிர்வீடும் இதே அளவாத்தான் இருக்கும்னு எனக்கு நானே பொய் சொல்லிக்கிட்டேன். இந்த ஜன்னலுக்குத் தைக்கணும்னு ஆசையா இருந்தது. என் வேலையை நீங்க கெடுக்கல. நானே கெடுத்துக்கிட்டேன்."

அவன் நாற்காலியைத் தூக்கி மூன்றாவது ஜன்னலின் ஓரத்தில் போட்டான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"ரயில் எத்தனை மணிக்கு?"

"ஆறரைக்கு."

போகாதே என்று பிடித்து நிறுத்த அவனிடம் திங்கட்கிழமைக்கு மேல் ஒரு வீடு இல்லை. வருகிறேன் என்று சொல்ல, இன்னொரு வாசலை மிதிக்கும் தெம்பு அவளிடம் இல்லை. துணியில் மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வந்தது.

"லைட்டைப் போடவா?"

"வேண்டாம்... போட்டா நேரம் ஆயிடுச்சுன்னு தெரிஞ்சுடும். எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. கொஞ்ச நேரம் இப்படியே இருங்க."