அனுப்பாத ஒரு வார்த்தை

மேற்குத் தாம்பரத்தில் இருந்த கெசியாவின் துப்பறியும் அலுவலகத்துக்குள் சாஹிரா நுழைந்தபோது, அவள் கையில் வேலைநீக்கக் கடிதம் கசங்கிப் போயிருந்தது. படப்பையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பில்லிங் வேலை. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து முதன்முறையாகக் கருவுற்றிருந்தாள்.

"வேலையில கவனம் இல்லைன்னு எழுதியிருக்காங்க மேடம். ஆனா மேனேஜர் சாம்பசிவன் வாயால சொன்னது வேற. 'ரெண்டு குழந்தைய வச்சிக்கிட்டு எப்படிம்மா வேலைக்கு வருவே?'ன்னு கேட்டாரு. நான் மாசமா இருக்கறது ஆபீஸ்ல புஷ்பலதாவுக்கு மட்டும்தான் தெரியும். அவதான் போட்டுக் கொடுத்திருக்கா."

"இதுல துப்பறிய இன்னா கீது மேடம்?" என்று எழுந்தே விட்டான் சம்பத். "அந்தப் பொண்ணைப் போய்ப் புடிச்சிக் கேட்டா முடிஞ்சுது!" தொலைபேசி நிலையத்தில் இருபது வருடம் லைன் பார்த்துவிட்டு கெசியாவிடம் சேர்ந்தவன் அவன். பொறுமை மட்டும் இன்னும் வரவில்லை.

கெசியா அவனைக் கையமர்த்தினாள். "புஷ்பலதாகிட்ட எப்படிச் சொன்னீங்க?"

"அன்னிக்கு அவ லீவு. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வாட்ஸ்அப் திறந்து மெசேஜ் போட்டேன்."

சாஹிரா கைப்பேசியை நீட்டினாள். 'ஸ்கேன் எடுத்தாச்சு. எல்லாம் நார்மல். யார்கிட்டயும் சொல்லாதே.' அவ்வளவுதான்.

கெசியா அதை இரண்டு முறை படித்தாள். "உங்களுக்கு இதுதானே முதல் குழந்தை? அவர் ஏன் ரெண்டு குழந்தைன்னு சொன்னாரு?"

சாஹிராவின் முகம் வெளுத்தது. "வாய்க்கு வந்ததைப் பேசறாருன்னு நினைச்சேன்... மேடம், இரட்டையா இருக்கலாம்னு டாக்டர் சொன்னாங்க. அடுத்த ஸ்கேன்லதான் உறுதியா தெரியும். அதனால வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லலை."

"புஷ்பலதாகிட்ட?"

"'இரட்டையா இருக்கும்போல'ன்னு டைப் பண்ணேன். அப்புறம் பயந்துபோய் அனுப்பாம அழிச்சுட்டேன்."

சம்பத் மெல்ல உட்கார்ந்தான். அடுத்தவர் லைனில் காது வைப்பவனை அவன் மனிதனாகவே மதித்ததில்லை. இங்கேயும் எவனோ அப்படிக் காது வைத்திருக்கிறான் என்று அவனுக்குப் பட்டது.

மறுநாள் முற்பகலில் மூவரும் படப்பைக்குப் போனார்கள். கெசியா கேட்டதன் பேரில் புஷ்பலதாவும் மேனேஜர் அறைக்கு வந்தாள். சாஹிரா அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சாஹிராவுக்கு ரெண்டு குழந்தைன்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டாள் கெசியா.

"புஷ்பலதாதான் சொன்னாங்க," என்றார் சாம்பசிவன் சட்டென்று.

"நானா?" புஷ்பலதா திகைத்தாள். "ரெண்டு குழந்தையா? எனக்கே இப்பத்தான் தெரியும்!"

"அவங்களுக்குத் தெரிய வழியே இல்ல சார்," என்றாள் கெசியா. "அந்த வார்த்தை அவங்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. சாஹிரா டைப் பண்ணாங்க, உடனே அழிச்சாங்க. டாக்டரை விட்டா, அது தெரிஞ்ச ஒரே இடம் உங்க கம்ப்யூட்டர்தான். அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் பதிவு பண்ற மென்பொருளைப் போட்டுவச்சுப் படிச்சிருக்கீங்க."

சாம்பசிவன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கம்ப்யூட்டர் கம்பெனியோடது. பாலிசியில கையெழுத்துப் போட்டுத்தான் வேலைக்குச் சேர்ந்தாங்க."

கெசியா அந்தத் தாளை வாங்கிப் படித்தாள். "அலுவலக மின்னஞ்சல்கள் கண்காணிக்கப்படும்னு ஒரு வரிதான் இருக்கு. சொந்த மெசேஜைப் படிப்போம்னு எங்கே இருக்கு? இந்த மேசையும் கம்பெனியோடதுதான். அதுமேல வச்ச கைப்பையைத் திறந்து பார்ப்பீங்களா? மாசமா இருக்கறதுக்காக வேலையை விட்டு எடுக்கச் சட்டத்துல இடமில்லை. அதை மறைக்கத்தான் கவனம் இல்லைன்னு எழுதினீங்க."

"அப்ப எங்க அம்மாவுக்கு நான் போட்ட மெசேஜெல்லாம்?" புஷ்பலதாவின் குரல் உயர்ந்தது. "அதையும் படிச்சீங்களா சார்?"

 கண்ணாடிக் கதவுக்கு வெளியே பில்லிங் பிரிவே எழுந்து நின்றுகொண்டிருந்தது.

சாயங்காலத்துக்குள் முதலாளியே பேசினார். வேலைநீக்கம் ரத்து, மென்பொருளையும் எடுத்துவிடுவதாக உறுதி. சாஹிரா அதை ஏற்றுக்கொண்டாள், ஆனாலும் தொழிலாளர் துறைக்கு அன்று மத்தியானமே அனுப்பியிருந்த புகாரைத் திரும்பப் பெற மறுத்துவிட்டாள்.

"அதான் வேலை கெடைச்சிடுச்சே, அப்புறம் ஏம்மா?" என்றான் சம்பத் பேருந்து நிறுத்தத்தில்.

"ஆறு வருஷமா குழந்தைக்கு ஏங்கின மனுஷன் என் வீட்டுக்காரர், இரட்டைங்கற சேதி அவருக்குத்தாண்ணா முதல்ல போயிருக்கணும். அவருக்கு முன்னாடி அந்த மேனேஜர் தெரிஞ்சுக்கிட்டாரே! அதை எப்படி ரத்து பண்ணுவாங்க?"

 புஷ்பலதா வந்து பக்கத்தில் நின்றாள். "உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேன்டி," என்று சாஹிரா அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

சாஹிராவின் கைப்பேசி ஒலித்தது. கணவன் மஹீன்.

"ஒரு விஷயம் இருக்குங்க," என்றாள் சாஹிரா. "போன்ல வேணாம். வீட்டுக்கு வந்து உங்க காதுல சொல்றேன்."