பேண்டு வண்டியில் நாலாவது இடம்

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. சுவரோரம் இருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் வாசலில் நிற்கிற பிள்ளைக்கும் இடம் கிடைக்கும். அப்படித்தான். இப்போது உங்களுக்கு ஒரு வண்டியின் கதை சொல்கிறேன். சும்மா ஓடுகிற வண்டி இல்லை. உள்ளேயே சோறு பொங்கி, உள்ளேயே தூங்கி எழுகிற வண்டி.

ஆரணியில் நெசவுக்காரர் தெரு ஒன்றில் பானுப்ரியா என்று ஒரு பெண் இருந்தாள். அந்த வருஷம்தான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். அவளுடைய அப்பா மாணிக்கவேல் பட்டுச்சேலை வியாபாரி. கோடை லீவு விட்டதும் சேலை மூட்டைகளோடு அம்மாவையும் பானுவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். சேத்துப்பட்டு, செஞ்சி, திண்டிவனம், புதுச்சேரி. அப்புறம் கடலோரமாகவே ஊர் ஊராக வியாபாரம். எங்கே இருட்டுகிறதோ அங்கே வண்டிக்குள்ளேயே தூக்கம்.

அவர்களிடம் இருந்தது சின்ன ஆம்னி வேன். மூட்டைகளுக்கு மேல் ஒரு பலகை, பலகைக்கு மேல் பாய், பாய்க்கு மேல் மூன்று பேர். ஒருவர் புரண்டால் மூவரும் புரள வேண்டும். அம்மா "ம்" என்று ஒரு சத்தம் கொடுப்பாள். எல்லாரும் சேர்ந்து திரும்புவார்கள். அப்பாவின் கால் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒருமுறை திண்டிவனத்தில் ஓர் ஆடு அவர் பாதத்தை நக்கிப் பார்த்துவிட்டுப் போனது.

எதிர்வீட்டில் காத்தாயி இருந்தாள். பட்டுநூல் சுற்றிப் பிழைக்கிற தனியாள். கடலைப் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு வருஷமும் ஆம்னி கிளம்பும்போது கதவருகே வந்து, தனக்கும் ஓர் இடம் கிடைக்குமா என்று கேட்பாள். கேட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்வாள். அதில் ஒரு பூனைகூட ஏற முடியாது என்று அவளுக்கே தெரியும்.

போன வருஷம் பானு அவளுக்கு ஒரு வார்த்தை கொடுத்துவிட்டாள்.

"பெரிய வண்டி வாங்கினா மொதல்ல உன்னதான் கூட்டினு போவோம், அத்த."

பெரிய வண்டி எங்கே வரப்போகிறது என்ற தைரியத்தில் சொன்னது. கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். காத்தாயி மட்டும் சிரிக்கவில்லை.

பார்த்தால், இந்த வருஷம் பெரிய வண்டி வந்தேவிட்டது.

கண்ணமங்கலத்தில் கல்யாணங்களுக்கு வாசிக்கிற ஒரு பேண்டு செட்காரர் விற்ற பழைய மெட்டடார் வேன். ஆள் நிமிர்ந்து நிற்கலாம். அப்பா புதிதாக நீல பெயிண்ட் அடித்தும், பக்கவாட்டில் பெரிய பித்தளை ஊதுகுழல் படம் ஒன்று மங்கலாகத் தெரிந்தது. உள்ளே ரயில் பெட்டி மாதிரி மூன்று படுக்கைகள். ஜன்னலோர மேல் படுக்கை பானுவுக்கு. வண்டி தெருமுனையில் சும்மா நிற்கும்போதும் அவள் அதில் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

சேதி பரவியது. ஒருவர் தன் மகளைத் திண்டிவனத்தில் விட்டுவிடச் சொன்னார். ஒருவர் செஞ்சிக்கு ஒரு கட்டில் ஏற்றச் சொன்னார். பக்கத்துவீட்டு அய்யாக்கண்ணு படுத்துப் பார்க்கிறேன் என்று ஏறியவர் தூங்கியே போனார். உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது. அப்பாவுக்குப் பேஜாராகிவிட்டது. ஆம்னி இருந்தவரை இடமில்லை என்றால் நம்பினார்கள். இப்போது யாரும் நம்பவில்லை.

ஒருநாள் பார்த்தால், வண்டியின் பின்பக்கம் கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள்.

அன்று சாயங்காலம் காத்தாயி வந்தாள். கையில் புதிதாக ஒரு வயர் கூடை. பெட்டிகளைப் பார்த்தாள். கூடையை மெல்ல முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"இதுவும் ரொம்பிப் போச்சா? பரவால்லமா. கடல் எங்க போயிடப் போவுது."

அவள் தன் வீட்டுக்குள் போனபிறகும் பானு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வண்டிக்குள் ஏறினாள். பெட்டிகளை நகர்த்தி நெருக்கினால் ஓர் ஆள் உட்காரவாவது இடம் வராதா? ஒரு பெட்டியைப் பிடித்து மூச்சைக் கட்டி இழுத்தாள். அது பறந்து வந்தது. பானு மல்லாக்க விழ, பெட்டி அவள்மேல் விழுந்தது. வலிக்கவே இல்லை. காலிப்பெட்டி. அடுத்ததும் காலி. அதற்கடுத்ததும்.

ஆம்னியில் இடமில்லை என்பது நிஜம். இங்கே அந்த இடமில்லாமையை அப்பா அட்டையால் கட்டி வைத்திருந்தார்.

அவள் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது அப்பா வந்தார். பார்த்ததும் அவருக்கு வெட்கமாகிவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒருத்தர ஏத்தினா தெருவே ஏறும்மா. யாருக்குச் சரின்றது, யாருக்கு இல்லன்றது?"

"காத்தாயி அத்தைக்கு நான் சொல்லிட்டேன்பா."

"அது சின்ன வண்டி இருக்கச்சொல்ல சொன்னது."

"சின்ன வண்டில சொன்னா சின்ன வார்த்தையா?"

அப்பா ஒரு காலிப்பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஆனால் அவர் கேட்டதும் பானுவை விடவில்லை. தெருவில் கடல் பார்க்காதவர் காத்தாயி ஒருத்திதானா? அவளை மட்டும் ஏற்றினால் மற்றவர்கள் முகம் வாடாதா? அன்று ராத்திரி பானு இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்தபடியே தூங்கிப்போனாள்.

காலையில் வீட்டுக் கதவைத் திறந்தபோது தெரு நீளத்துக்குப் பாவு நீட்டியிருந்தார்கள். சேலையின் நீளவாட்டு இழைகள்தான் பாவு. தறியில் ஏற்றுமுன் அதைத் தெருவில் இழுத்துக் கட்டிச் சீர் செய்வார்கள். ஒரு நேரத்தில் ஒரு வீட்டுப் பாவுக்குத்தான் தெருவில் இடம். அன்று அய்யாக்கண்ணு வீட்டுப் பாவு. இன்னும் தங்கள் முறை வராத வீட்டுக்காரர்களும் வந்து, அறுந்த இழைகளை முடிந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பானு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கொல்லைப்பக்கம் ஓடினாள். அப்பா பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"தெரு ஒண்ணுதான். பாவு போட எத்தன வீடு? சண்டை வருதாப்பா?"

"அதுக்குத்தான் மொற இருக்குதே," என்றார் நுரை வாயோடு.

"வண்டிக்கும் மொற வெச்சிடலாம். வருஷத்துக்கு ஒருத்தர். மொதல்ல கேட்டவங்க மொதல்ல."

அப்பா பிரஷ்ஷை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நுரை ஒழுகிப் பனியனில் விழுந்தது. கடைசியில் கொப்பளித்துவிட்டு, மொதல்ல கேட்டது யார் என்றார்.

"ஆம்னி வந்த வருஷத்துலர்ந்து கேட்டுகினு இருக்கறது காத்தாயி அத்ததான்."

அப்பா பாவு ஓரமாகப் போய் எல்லாரிடமும் விஷயத்தைச் சொன்னார். பெட்டிகள் காலி என்பதையும் சொல்லிவிட்டார். அய்யாக்கண்ணு இழையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

"நான் அன்னிக்கே ஒண்ணத் தூக்கிப் பாத்துட்டேன். சொன்னா உனக்கு ஒரு மாதிரி ஆயிடும்னு சொல்லல."

முறை என்றதும் யாரும் மறுக்கவில்லை. அது அவர்களுக்குப் பழகிய ஏற்பாடு.

பானு சொல்லப் போனபோது காத்தாயி நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டுச் சரி என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். கை மட்டும் ராட்டையைச் சுற்றிக்கொண்டே இருந்தது. நூல் எப்போதோ அறுந்துபோய் ராட்டை வெறுமனே சுழல்வதை அவள் கவனிக்கவில்லை.

பெட்டிகள் இருந்த இடத்தில் நாலாவது பாய் விழுந்தது. வண்டி கிளம்பிய முதல் ராத்திரி, காத்தாயி படுத்ததும் குறட்டை விட ஆரம்பித்தாள். பேண்டு செட்காரர் வாத்தியத்தை உள்ளேயே விட்டுவிட்டுப் போய்விட்டார் போல என்றார் அப்பா. அம்மா சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது. காத்தாயி மட்டும் எழவில்லை.

புதுச்சேரியில் விடிந்தது. காத்தாயி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்தாள். பானு அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள். அலை வந்து பாதத்தைத் தொட்டதும் காத்தாயி இரண்டடி பின்னால் வந்தாள். பிறகு மூன்றடி முன்னால் போனாள். சேலைக் கரை நனைந்தது. கண்ணுக்கு எட்டியவரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

"இவ்ளோ எடமா, பானு?"

அவ்வளவுதான் கேட்டாள். பானு அவள் விரலை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள்.

லீவு முடிந்து வண்டி ஆரணி திரும்பியது. தெருமுனையில் அப்பா பிரேக் போட்டார். அங்கே அய்யாக்கண்ணு ஒரு தலையணையை இடுக்கிக்கொண்டு நின்றார். அடுத்த வருஷம்தானே உங்கள் முறை, இப்போது எதற்குத் தலையணை என்று அப்பா கேட்டார்.

"உள்ளயே இருக்கட்டும்பா," என்று அவர் அதை வண்டிக்குள் போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

கதை கேட்ட கண்ணுகளே, உங்கள் வீட்டுப் பானையில் சோறு குறையாதிருக்கட்டும். வாசலில் யார் வந்து நின்றாலும் விரிக்க ஒரு பாயும், அதை விரிக்க இடமும் உங்கள் வீட்டில் எப்போதும் இருக்கட்டும்.