நடுவில் விழுந்த கிழிசல்

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? அது என் அங்கி! என்னோட அங்கி!"

"கத்தாதீங்க... எல்லாரும் பார்க்கறாங்க..."

"பார்க்கட்டும்! பல்லால கடிச்சு நட்ட நடுவுல கிழிச்சு வெச்சிருக்கீங்க. இனிமே பார்க்காம இருப்பாங்களா?"

எர்மீனியா அக்காவின் காபிக் கடையில் அன்று காபி ஆறிப்போனது தெரியாமல் எல்லோரும் வேடிக்கை பார்த்தோம். வெளியே மழை. போர்ச்சுகலின் பல்கலைக்கழக ஊரான கோயிம்ப்ராவில் மே மாதம் என்றால் வெயிலும் ஊர்வலமும்தான். அந்த வருஷம் மட்டும் வானம் யாரோ செத்துப்போன மாதிரி அழுதுகொண்டே இருந்தது. மாணவர்களின் கறுப்பு அங்கிகள் வாசல் ஆணிகளில் வரிசையாக, நனைந்த வௌவால்களைப் போலத் தொங்கின. எல்லாம் ஒரே நிறம், ஒரே நீளம்.

அங்குதான் டெல்மோ சறுக்கினான்.

படிப்பு முடிகிற வருஷம் இங்கே அங்கியைக் கிழிப்பார்கள். இடது பக்கம் வீட்டார், வலது பக்கம் நண்பர்கள். கழுத்துக்குக் கீழே நடுவில் கிழிக்க ஒரே ஓர் ஆளுக்குத்தான் உரிமை... காதலிக்கிறவருக்கு. கத்தரிக்கோல் ஆகாது, பல்லும் கையும்தான். சரித்திரம் படித்த டெல்மோ, தன் ஃபிலிப்பா வழக்கமாக மாட்டும் ஜன்னலோர ஆணியில் தொங்கிய அங்கியை எடுத்தான். அவளை அசத்த நினைத்து, கண்ணை மூடிக்கொண்டு கடித்தான்.

ஃபிலிப்பா அந்த நேரம் ஒரு பல் டாக்டரின் காரில் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தெருவுக்கே ஒரு மாதமாகத் தெரிந்த சங்கதி. அவனிடம் சொல்லத்தான் ஒருவருக்கும் மனம் வரவில்லை. (எனக்கும்தான். எனக்கு வராதது அதிசயம் என்பார்கள்.)

அந்த அங்கி யோலாந்தாவுடையது. சட்டப் படிப்பில் முதல் மாணவி, பதக்கம் வாங்கப் போகிறவள். கோபத்தில் அவள் கண்கள் மழையில் நனைந்த கருந்திராட்சையாய் மின்னின... அந்த இக்கட்டிலும் டெல்மோ அதைக் கவனித்தான் என்பதை நானும் கவனித்தேன்.

"தைச்சுக் கொடுத்துடறேங்க. சட்டப் படிப்போட நிறம் சிவப்பு, நூலும் சிவப்புதானே?"

"தைச்சா என்ன அர்த்தம்னு தெரியாதா? ஒருத்தன் இருந்தான், போயிட்டான்னு அர்த்தம். அப்படியே விட்டா, ஒருத்தன் இருக்கான்னு அர்த்தம். ரெண்டுல எதை எங்கப்பாகிட்ட காட்டட்டும்? நீங்களே சொல்லுங்க!"

"வேற அங்கி..."

"இது அப்பா வாங்கித் தந்தது. வாயை மூடுங்க."

அவன் மூடினான். அவள் உட்கார்ந்து அழுதாள். அதற்கும் காரணம் இருந்தது. அப்பா அபீலியோவுக்கு வடக்கே, பிரகான்சாவுக்கு அப்பால் செஸ்ட்நட் தோப்பு. தாயில்லாத இரண்டு பெண்களை வளர்த்தவர். மூத்தவள் ஒரு டிரம்ஸ்காரனோடு படிப்பைப் பாதியில் உதறிவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவர் மூத்தவளின் பெயரையே சொல்வதில்லை. இளையவளிடம் ஒன்றுதான் கேட்டார்: "முடிக்கிற வரைக்கும் பையன் பேச்சு வேண்டாம்மா." அவளும் வாக்குத் தவறவில்லை. பதக்க விழாவுக்கு வந்து, இடது பக்கத்தைத் தானே கிழிப்பதாக அவர் குளிர்காலம் முழுக்கப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். "பல்லு இன்னும் கெட்டியா இருக்கு, கவலைப்படாதே!"

அடுத்த நாளும் டெல்மோ வந்தான். அதற்கடுத்த நாளும். சட்டைப் பையில் ஒரு சிவப்பு நூல்கண்டு. எடுத்து மேசையில் வைப்பான், அவள் தள்ளிவிடுவாள். ஃபிலிப்பாவின் சங்கதி அதற்குள் அவனுக்குத் தெரிந்திருந்தது. முகம் ஊறவைத்த ரொட்டி மாதிரி ஆகியிருந்தது.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் யோலாந்தா ஒருநாள், புத்தகத்திலிருந்து தலை தூக்காமல்.

"பசிக்கல."

"எர்மீனியா அக்கா, இவருக்கு ஒரு கீரை சூப். செத்துகித்து வெச்சா என் கேஸுக்குச் சாட்சி இல்லாம போயிடும்."

"அவனுக்கு நான் சும்மாவே தருவேன்டி," என்றாள் எர்மீனியா அக்கா. "பல்லு வேலை செய்யுதான்னு பார்க்கணுமே."

"அதுல குறையில்லக்கா. இவ்வளவு நல்ல பல்லை விட்டுட்டு, இவரோட ஃபிலிப்பா எதுக்குப் பல் டாக்டரைத் தேடிப் போனாங்கன்னுதான் புரியல..."

டெல்மோ அவளைப் பார்த்தான். பிறகு சிரித்தான்... வாரக்கணக்கில் சிரிக்காதவன், கண்ணில் நீர் வரச் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு அவன் கண்கள் பழுப்பா பச்சையா என்று ஒரு யோசனை ஓடியது அவளுக்கு. 'சீ, எனக்கெதுக்கு அது?' என்று பக்கத்தைப் புரட்டினாள். படித்த பக்கத்தையே.

அதன்பின் 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று கேட்டால் எனக்கே தெரியாது. எனக்குத் தெரியாதென்றால் யாருக்கும் தெரியாது.

பதக்க நாளன்று காலையும் அதே மழை. அபீலியோ பேருந்தில் வந்து இறங்கினார். ஒரு கையில் புகையில் வாட்டிய சாசேஜ் பொட்டலம், மறு கையில் தொப்பி. நேராகக் காபிக் கடைக்கு வந்து, மகளை முத்தமிட்டார். தன் நனைந்த கோட்டை மாட்டியவர், பக்கத்து ஆணியில் அவள் பெயர் தைத்த அங்கியைப் பார்த்தார். எடுத்து விரித்தார். நடுவில் கிழிசல்.

டெல்மோ எழுந்து போய் நின்றான்.

"ஐயா, தப்பு என்மேலதான். ஆணி மாறிடுச்சு. அங்கி யாருதுன்னே எனக்குத் தெரியாது."

"யாருதுன்னு தெரியாத அங்கியைப் பல்லால கடிச்சே?"

"ஆமாங்கய்யா."

"இதை நான் நம்பணும்."

"நம்புங்க, நாங்க எல்லாரும் இங்கதான் இருந்தோம்!" என்று எர்மீனியா அக்கா குரல் கொடுத்தாள். நானும் பலமாகத் தலையாட்டினேன்.

அவர் எங்களைப் பார்க்கவில்லை. மகளையே பார்த்தார். "நீ சொல்லும்மா. நீ சொன்னா நம்பறேன். இவன் உனக்கு யாருமில்லதானே?"

ஒரு சொல் போதும். 'இல்லை' என்றால் முடிந்தது. இடது பக்கம் கிழியும், சாசேஜ் வேகும், அப்பாவும் பெண்ணும் கைகோத்து விழாவுக்குப் போவார்கள். யோலாந்தா வாயைத் திறந்தாள்... மூடினாள். டெல்மோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அன்னிக்கு யாருமில்லப்பா," என்றாள் மெதுவாக. "சத்தியமா யாருமில்ல... ஆனா இன்னிக்கு அப்படிச் சொன்னா... அது பொய்."

காதலைச் சொல்ல எத்தனையோ இடம் இருக்கிறது இந்த ஊரில், ஆற்றங்கரை, தாவரத் தோட்டம், பழைய கோயில் படிகள்... இந்தப் பெண் அப்பாவிடம் சொன்னாள், சம்பந்தப்பட்டவன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்க.

அபீலியோ அங்கியை மாட்டவும் தன் கோட்டை எடுக்கவும் ஆணிப் பக்கம் போனார். எங்களுக்கு முதுகு காட்டி, அந்தக் கறுப்புத் துணிகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கதவைத் திறந்துகொண்டு மழையில் இறங்கிவிட்டார். சாசேஜ் மேசையிலேயே கிடந்தது.

பதக்கம் வாங்கும்போது முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. பலமாகத்தான் கை தட்டினார்கள். அவள் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு வாங்கினாள்.

வெளியே வந்ததும் டெல்மோ தன் அங்கியை அவள் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தான்.

"ஆணி மாறித்தான் கிழிச்சேன், யோலாந்தா... ஆனா இப்போ யாராவது கேட்டா, மாறலேன்னுதான் சொல்வேன்."

"தெரியும்," என்றாள். "பேசாம நட. அழறேன்னு தெரியல?"

ஃபிலிப்பா அந்தக் கோடையிலேயே பல் டாக்டரைக் கட்டிக்கொண்டு போர்த்தோவுக்குப் போனாள். யோலாந்தா மேற்படிப்புக்குப் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் போனாள். அங்கியை ஒரு பெட்டியில் போட்டு மூடிவிட்டாள், பார்க்கப் பிடிக்கவில்லை. ஞாயிறுதோறும் வீட்டுக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருக்கும், அபீலியோ எடுத்ததில்லை. பனிக்காலத்தில் ஒரு நாள் தோப்பிலேயே விழுந்தவர் எழவில்லை.

அடக்கத்துக்கு அவள் அந்த அங்கியைத்தான் போர்த்திக்கொண்டு வந்தாள். அவள் பக்கத்தில் நின்ற டெல்மோதான் பார்த்தான்: வீட்டார் கிழிக்கும் இடது பக்கக் கீழ் ஓரத்தில், மடிப்புக்குள், விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல்.

"ஆணியில மாட்டியிருக்கும்," என்றாளாம் அவள்.

"ஆணின்னா நூல் இப்படிப் பிரியாது," என்றானாம் அவன். "எனக்குத் தெரியும்... நான் கடிச்சவன்."

எர்மீனியா அக்கா இன்றைக்கும் ஆணிதான் என்று சாதிக்கிறாள். நான் போய் அந்த ஆணியை விரலால் தடவிப் பார்த்தேன். முனை மழுங்கிக் கிடந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய அபீலியோ இல்லையே.

அடுத்த வசந்தத்தில் இருவரும் இங்கேதான் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். மூத்தவளும் டிரம்ஸ்காரனும் வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அன்றைக்கும் மழை. பிறகு புதுத் தம்பதி ஸ்ட்ராஸ்பர்க்குக்குப் போய்விட்டார்கள். சிவப்பு நூல்கண்டு மட்டும் எர்மீனியா அக்காவின் கடை அலமாரியில் இருக்கிறது, பிரிக்காமல்.