மூடியிருந்த மூன்று வாய்கள்

காலை 7.30. சமையற்கார அக்கா கதவைத் திறந்தபோது, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் நாற்காலியிலேயே செத்துக் கிடந்தார். பக்கத்தில் பாதி குடித்த காபி.

காலை 9.10. காபியில் விஷம் என்றார் டாக்டர். செத்தது நேற்று இரவு எட்டு மணி வாக்கில். பூட்டு உடையவில்லை. காபி போட்டவள் அக்கா, சாவியும் அவளிடம். இன்னொரு சாவி மகனிடம் இருந்தது. ஆனால் அவன் இந்த வாசலை மிதித்து ஆறு மாதம் ஆகிறதாம். ஏட்டையா அதற்குள் வழக்கையே முடித்துவிட்டார். அக்காவை ஜீப்பில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி.

"ஆறு மணிக்கு ஃபிளாஸ்க்குல ஊத்தி வெச்சிட்டுப் போயிட்டேன் மேடம். என்னை உள்ள வெச்சா என் ரெண்டு பொண்ணுங்களுக்கு யாரு இருக்கா?"

இன்ஸ்பெக்டர் அம்மாள் ஜன்னலோரத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன செடி?"

"பூச்சி தின்னுற செடி. அய்யாவோட சம்சாரம் வளர்த்தது. அவங்க போனப்புறம் கருகிக் கிடந்துச்சு. அய்யாதான் பொழைக்க வெச்சார். குழாய்த் தண்ணி ஆகாதுன்னு மாடியில மழைத்தண்ணி பிடிப்பார். என்னைக் கிட்டயே விடமாட்டார். எனக்கும் பார்த்தாலே குமட்டும்."

தொட்டியில் வாத்தியார் கையெழுத்தில் ஓர் அட்டை: 'வாய்களைத் தொடாதே. சும்மா மூடினால் செடிக்குப் பலம் போகும்.' இலை நுனியில் வாய்போல் பிளந்திருக்கும் ஏழு பொறிகளில் மூன்று மூடியிருந்தன. இன்ஸ்பெக்டர் அவற்றின் பின்னால் டார்ச் அடித்தாள். எதிலும் பூச்சியின் நிழல் இல்லை.

காலை 9.40. மகன் வந்தான். கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவன். நகக்கண்களில் வெள்ளி நிறம். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தான்.

"கடைசியா எப்ப வந்தீங்க?"

"அம்மா காரியத்துக்கு. ஆறு மாசம் ஆச்சு."

"அப்பாகூடப் பேச்சு?"

"இல்ல."

பேசிக்கொண்டே அவனுடைய ஆள்காட்டி விரல் தொட்டிக்குப் போனது. ஒரு வாய்க்குள் இருமுறை தடவியது. வாய் மூடிக்கொண்டது.

"சின்ன வயசிலிருந்தே இந்தப் பழக்கமா?"

அவன் விரலை இழுத்துக்கொண்டான்.

"ஒரு தடவை பட்டா மூடாது" என்றாள் இன்ஸ்பெக்டர். " அடுத்தடுத்து ரெண்டு தடவை தொடணும். பூச்சி சிக்கலைன்னா ஒரு நாள்ல திறந்துடும். ஆக, இந்த மூணையும் நேத்துதான் யாரோ தொட்டிருக்காங்க. உங்கப்பா தொடமாட்டார். அக்கா கிட்டயே போகமாட்டாங்க."

மூடியிருந்த மூன்றில் ஒன்றைச் சிறு இடுக்கியால் பிளந்தாள். உள்ளே வெள்ளி நிறத்தில் ஒரு பெயிண்ட் துணுக்கு.

"அவர் காபி குடிக்கிற வரைக்கும் இங்கதானே உக்காந்திருந்தீங்க?"

அவன் செடியைப் பார்த்தபடி வாயைத் திறந்தான். "அம்மா நாலு மாசம் படுத்த படுக்கையா கெடந்தாங்க. தண்ணி கேட்டா இவர் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். நான் வேலை விட்டு வந்துதான் கொடுப்பேன். நேத்து வந்தா, அதே மனுஷன் அவங்க செடிக்கு மழைத்தண்ணி ஊத்திட்டிருக்கார். 'பாவம்டா, தாகத்தோட கெடந்துச்சு'ங்கறார்."

"விஷம் கையோட கொண்டு வந்ததா?"

அவன் தலைகுனிந்தான். ஆறு மாதமாகவே பையில் இருந்ததாம்.

காலை 10.20. ஜீப்பில் ஏறும்போது அவன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். "செடிக்குக் குழாய்த் தண்ணி ஊத்திடாதீங்க. செத்துடும்."

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு மணி நேரம் முன்னால் அந்த ஜீப் அவளுக்காகத்தான் நின்றிருந்தது.

"அப்பனுக்கும் பிள்ளைக்கும் செடி மட்டும் பொழைச்சாப் போதும்" என்றாள்.