மின்னல் வாசம்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலே காலுக்கு ஸ்கூல் விட்டு வந்து வாசல் கதவைத் திறந்த தேவகனி, ஒரு செருப்பைக் கழற்றி மறு செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றுவிட்டாள். வீட்டுக்குள்ளிருந்து அந்த வாசம் வந்தது. இடி இறங்கி மழை ஓய்ந்ததும் தெருவில் சில்லென்று ஒன்று அடிக்குமே, ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தால் மூக்கின் மேல்முனையில் ஏறுமே, நாக்கு நுனியில் பித்தளைச் சாவியை வைத்தது போல இருக்குமே, அந்த வாசம். அவளால் அதை மறக்க முடியாது. மறக்கவும் கூடாது என்று அவளே வைத்திருந்தாள்.

அடுக்களைக்கு ஓடிப்போய் ஸ்லாப்பை அண்ணாந்து பார்த்தாள். பழைய பெட்ஷீட்டில் சுற்றி, பிளாஸ்டிக் கயிற்றால் நாலு கட்டுப் போட்டு, அவள் வீட்டுக்காரர் கிருபாகரன் மூன்று மாதத்துக்கு முன்னால் ஏற்றி வைத்த மெஷின் அங்கேயே இருந்தது. கயிறு அவிழவில்லை. மேலே ஒட்டடை கூடக் கலையவில்லை.

அந்த மெஷின் வந்த கதை தெருவுக்கே தெரியும். தெரியாதவர்கள் யாராவது மிச்சம் இருந்தால் எதிர்வீட்டு அனுசியா சொல்லியிருப்பாள்.

இவர்கள் வீடு ஹார்பருக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது. தார்ப்பாய் பாதி மூடியும் மூடாமலும் கரி லாரிகள் போகிற ரோடு. காலையில் கொடியில் போட்ட வெள்ளைச் சட்டை மத்தியானம் சாம்பல் சட்டையாகும்; துடைத்த மேஜையில் அரை நாளில் விரலால் பெயர் எழுதலாம். நாசரேத்திலிருந்து வாழவந்த தேவகனி டீச்சருக்குச் சுத்தம் என்றால் உயிர். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே மகள் ஜெப்ஸிக்கு நாலு வயதிலிருந்து இழுப்பு. டாக்டர் எழுதிக் கொடுத்த பஃப் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது. பொம்பளைப் பிள்ளை வாயில் அதை வைத்து உறிஞ்சுவதை நாலு பேர் பார்த்தால் நாளைக்குக் கல்யாணத்தில் பேச்சு வரும் என்று, பதினோரு வயதுப் பிள்ளையின் கல்யாணத்தை இப்போதே நினைத்துக் கவலைப்பட்டவர் கிருபாகரன். கப்பல் ஏஜென்சி கிளார்க் அல்லவா, வரப்போகிற கப்பலுக்கு முன்கூட்டியே பேப்பர் தயாரித்துப் பழக்கம்.

அப்போதுதான் சர்ச் பெண்கள் சங்கத்து ஜாய் அக்கா வந்தாள். பாத்திரம், சத்துமாவு என்று ஒவ்வொரு வருஷமும் ஒன்று விற்கிறவள், அந்த வருஷம் காற்றை விற்க வந்தாள். ஒரு சின்ன மீன்தொட்டிக்குள் கொசுவர்த்தியைக் கொளுத்திப் புகையை நிரப்பி, அதற்குள் மெஷினை வைத்து சுவிட்சைப் போட்டாள். புகை மாயமாகிவிட்டது.

"பாத்தியா கனி? உன் மக நெஞ்சுச் சளியும் இப்படித்தான் போவும். அயனி காத்து. கடக்கரை காத்தப் புடிச்சுப் பெட்டிக்குள்ள வச்சிருக்கான். ஜன்னல் கதவு எல்லாத்தையும் இறுக்கிச் சாத்திட்டுப் போடணும். மின்னல் வெட்டுன மாதிரி ஒரு வாசம் வரும். வந்தா மெஷின் நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

ஒன்றரைக் கிலோமீட்டரில் அசல் கடல் கிடக்க, பெட்டிக் கடல்காற்றை வாங்கிய குடும்பம் தூத்துக்குடியில் இது ஒன்றுதான் என்று அனுசியா சிரித்தாள். அவளும் தனக்கொன்று விசாரித்தாள் என்பது வேறு விஷயம்.

இந்தச் சர்ச் குடும்பங்களில் பிரிட்ஜோ பைக்கோ எது புதிதாக வந்தாலும் ஜெபம் பண்ணாமல் சுவிட்சில் கை வைக்க மாட்டார்கள். மெஷினுக்கும் குருவானவர் வந்தார். அதன்மேல் கை வைத்து, பிள்ளையின் சுவாசத்துக்காக உருக்கமாக ஜெபித்தார். எல்லாரும் ஆமென் சொல்லிக் கேசரி சாப்பிட்டார்கள். விவகாரம் அங்கேதான் ஆரம்பித்தது. ஜெபம் பண்ணி வைத்த பொருளை அணைப்பதா? அணைத்தால் அவிசுவாசம் ஆகாதா? ஜெப்ஸி தொண்டை எரிகிறது என்று சொன்னபோது ஒன்றில் இருந்த மெஷின் திருகை இரண்டுக்கு வைத்தார்கள். இருமல் கூடியபோது உபவாசம் இருந்தார்கள். ஆவணி மாதக் காற்றில் ஒரு காலைநேரம், பிள்ளை சுவரோடு ஒண்டி உட்கார்ந்து, தோள் இரண்டும் காது வரை ஏறி இறங்க, "அம்மா, ஜன்னலத் தொறங்களேன்" என்றபோது, "தூசி வரும்டா கண்ணு" என்று சொல்லி தேவகனி தன் கையாலேயே மூன்றுக்குத் திருகினாள்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்ன வயதுக்காரர். எல்லாம் முடிந்த பிறகு, வீட்டில் என்ன புகை, என்ன மருந்து என்று விசாரித்தவர், மெஷின் என்றதும் கண்ணாடியைக் கழற்றினார். "அது தூசிக்கு மின்சாரம் ஏத்திச் சுவத்துல ஒட்ட வைக்கும், மேடம். கூடவே ஓசோனையும் விடும். நீங்க சொல்லுத வாசம் அதுதான். இழுப்பு உள்ள புள்ளைக்கு அது மூச்சுக் குழாயையே புண்ணாக்கிரும். வாசம் வந்த அன்னைக்கே அணைச்சிருந்தா..." அதற்கு மேல் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். நல்ல மனிதர். ஆனால் நிறுத்திய இடத்திலிருந்து தேவகனி மூன்று மாதமாகத் தினமும் அந்த வாக்கியத்தை முடித்துக்கொண்டிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை வாசத்தை அவள் கிருபாகரனிடம் சொல்லவில்லை. புதன்கிழமையும் வந்தது. வியாழக்கிழமை, கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் அனுசியா வந்தாள். கண் மட்டும் தேவகனியின் தோளுக்கு மேலாக உள்ளறையைத் துழாவியது.

"டீச்சர், வீட்டுக்கு யாரும் விருந்தாளி வந்திருக்காவளா?"

"இல்லையே. ஏன்?"

"இல்ல... மத்தியானம் நீங்க ஸ்கூல்ல இருக்கையில உள்ள சின்னப் புள்ள இழுக்க மாதிரி சத்தம் கேட்டுச்சு. பூனையாத்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். பூனைக்கும் இழுப்பு வருமாம்லா." சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது அவளுக்கு. நாக்கைக் கடித்துக்கொண்டு, கறிவேப்பிலையை வாங்காமலே போய்விட்டாள். அனுசியா ஒரு பொருளை வாங்காமல் போனது அதுவே முதல் தடவை.

தேவகனி நாற்காலி போட்டு ஏறி மெஷினை இறக்கினாள். கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். உள்ளறையில், யாரும் படுக்காத அந்தச் சின்னக் கட்டிலின் தலைமாட்டில் வைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். ஒன்று.

பச்சை விளக்கு எரிந்தது. எறும்பு ஊர்வதைப் போல மெல்லிய ஒரு 'ஸ்ஸ்'. வாசம் கிளம்பி அறையின் மூலைகளில் நிறைந்தது. வெளியே லாரி போகிற அதிர்வில் ஜன்னல் கண்ணாடி நடுங்கி அடங்கியது. அந்த அடங்கலுக்குள், தலையணைப் பக்கத்திலிருந்து, யாரோ மூச்சு விட்டார்கள்.

இரண்டு.

மூச்சு இழுப்பாயிற்று. முதலில் ஒரு விசில். அதன் கடைசியில் ஒரு சின்ன விக்கல். அந்த விக்கலை உலகத்தில் வேறு எந்தப் பிள்ளையிடமும் அவள் கேட்டதில்லை. முப்பத்தெட்டுப் பிள்ளைகள் கத்துகிற வகுப்பில் இருந்தாலும் அவளால் அதைத் தனியாகப் பிரித்துவிட முடியும்.

"ஜெப்ஸி?"

இழுப்பு ஒரு கணம் நின்றது. கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு தொடர்ந்தது.

தேவகனி பயந்தாள். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் மூன்று மாதமாகச் செத்துக் கிடந்த ஏதோ ஒன்று பால் கட்டியது போல வலித்தது. அணைத்துப் பார்த்தாள். சத்தம் இல்லை. போட்டாள். மகள் இழுத்தாள். அணைத்தாள். போட்டாள்.

வெள்ளிக்கிழமை அவள் ஸ்கூலுக்கு லீவு சொன்னாள். கட்டிலுக்குப் பின்னால் சுவரில் கருப்பு படிய ஆரம்பித்திருந்தது. டாக்டர் சொன்னபடியே, காற்றில் மிதக்கிற கரித்தூள் எல்லாம் மெஷினைச் சுற்றி ஒட்டியது. சுத்தக்காரி தேவகனி அதைத் துடைக்கவில்லை. துடைத்தால் எது கலையும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்றைக்குக் கப்பல் வரவில்லை என்று கிருபாகரன் மூன்று மணிக்கே வந்துவிட்டார். நடையில் நின்று மூக்கை உறிஞ்சினார். பையைப் போட்டுவிட்டு உள்ளறைக்கு வந்தார்.

"ஏளா கனி, என்ன காரியம் பண்ணிட்டு இருக்க? புத்தி கித்தி பெரண்டு போச்சா?"

"சத்தம் போடாதீய. கேளுங்க."

"என்னத்தக் கேக்க?"

"கேளுங்கன்னு சொல்லுதேன்லா."

அவர் கேட்டார். அவர் கை, மெஷின் பிளக்கைப் பிடுங்கப் போன கை, நடுவழியில் நின்றது. இழுப்புக்கு நடுவில் அந்த விக்கல் வந்ததும் மனிதர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து ஜன்னல் கதவு இரண்டையும் விரியத் திறந்தார்.

லாரிச் சத்தம், டீசல், உப்புக்காற்று எல்லாம் ஒன்றாக உள்ளே விழுந்தன. தலையணையில் ஒரு மூச்சு உள்ளே போனது. நீளமாக. தடை இல்லாமல். விசில் இல்லாமல், விக்கல் இல்லாமல், நெஞ்சு நிறைய. நாலு வயதில் இழுப்பு வந்த பிறகு, அந்தப் பிள்ளை உயிரோடு இருந்தவரை ஒரு தடவை கூட அப்படி மூச்சு இழுத்ததில்லை. அது மெதுவாக வெளியே வந்தது. அதன்பிறகு அறை வெறும் அறையாகிவிட்டது.

தேவகனி அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். "அவள வெரட்டிட்டீயளே! ஏன் தொறந்தீய? ஏன் தொறந்தீய?"

"வெரட்டலளா. போயிட்டா. ஒனக்குக் கேக்கலியா, எவ்ளோ லேசாப் போனா?" அவர் அழுதார். "நாம அப்பமும் தொறக்கல. இப்பமாச்சும் விட்ருவோம் கனி. புள்ள கஷ்டப்படுது."

மெஷினை மடியில் வைத்து அவள் கட்டிப் பிடித்துக்கொண்டதால் அவரால் வாங்க முடியவில்லை. அதட்டிப் பிடுங்கவும் அவருக்கு வராது. "ஞாயித்துக்கெழம சர்ச் முடிஞ்சதும் பழைய இரும்பு வாங்குத ஆக்கர் கடை பேச்சிமுத்து அண்ணாச்சியக் கூட்டிட்டு வாரேன். எம் முன்னாலயே சம்மட்டியால ஒடைக்கச் சொல்லுதேன்" என்றார். சனிக்கிழமை முழுக்க ஜன்னலைத் திறந்துவைத்து, பக்கத்திலேயே காவல் உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைவலி என்று அவள் படுத்துக்கொண்டாள். அவர் தயங்கி நின்றார். உபதேசியார் வராததால் அன்றைக்கு வேதபாடம் வாசிக்கிற முறை இவருக்கு. போகாமல் இருக்க முடியவில்லை. "ஒன்பதரைக்கெல்லாம் வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சர்ச்சில் இரண்டாவது மணி அடித்தது. தெரு காலியாகிவிட்டது. லாரிகூட இல்லை.

தேவகனி எழுந்தாள்.

ஜன்னலைச் சாத்தினாள். கொக்கி போட்டாள். சட்டத்தின் இடுக்குகளில் ஸ்கூல் சார்ட்டுக்கு வாங்கிய அகல டேப்பை இழுத்து ஒட்டினாள். வாசல் கதவையும் அறைக்கதவையும் தாழிட்டு, அறைக்கதவுக்குக் கீழே ஈரத் துண்டைச் செருகினாள். இன்று ஒரு நாள்தான். ஒரு மணி நேரம்தான். அதற்குப் பிறகு தானே திறந்து விட்டுவிடுவதாக மகளிடம் சத்தமாகச் சொன்னாள். சொல்லும்போதே பொய் என்று தெரிந்தது.

மூன்று.

வாசம் வந்தது. கண் எரிந்தது. தொண்டைக்குள் கத்தியால் சீவியது போல இருந்தது. இதைத்தான் சொன்னாள். தொண்டை எரியுதும்மா என்று இதைத்தான்.

இழுப்பு வந்தது. இப்போது தலையணையிலிருந்து மட்டும் இல்லை. கட்டில் முழுக்க.

வெயில் கோடு ஒன்று கண்ணாடி வழியாக விழுந்திருந்தது. அதில் தூசி மிதந்தது. மிதந்த தூசி திரும்பியது. எல்லாம் ஒரே பக்கம். சுவருக்குப் போகவில்லை.

கட்டிலில் இறங்கியது.

முதலில் ஒரு முழங்கால். மடக்கி வைத்தபடி. பிறகு தோள். காது வரை ஏறிய தோள். ஒன்றுமில்லாத இடத்தில் கரித்தூள் ஒட்டி, ஒட்டி, ஒரு நெற்றி. ஒரு மூக்கு. திறந்த வாய்.

வாய்க்குள் மட்டும் ஒட்டவில்லை.

"ம்மா."

"இருக்கேன்டா. அம்மா இங்கன இருக்கேன்."

"தொறங்க."

ஜன்னல் நாலடி தூரம். டேப்பைக் கிழித்தால் போதும். ஒரே ஒரு நல்ல மூச்சு. பிறகு ஒன்றுமே கிடையாது. வெறும் கட்டில். வெறும் நாள். அடுத்த நாள். அதற்கடுத்த நாள்.

"தொறங்கம்மா."

தேவகனி எழுந்தாள். ஜன்னல் வரை போனாள். டேப்பின் முனை விரலில் அகப்பட்டது. நின்றாள்.

வெளியே பைக் சத்தம். கேட் திறந்தது. கிருபாகரனின் குரல், அதோடு இன்னொரு ஆண் குரல். "கனி! ஏளா கனி! கதவத் தொற!"

விரலால் டேப்பை அழுத்தி மறுபடி ஒட்டினாள்.

திரும்பி வந்து பக்கத்தில் படுத்தாள். விலாவுக்கும் விலாவுக்கும் நடுவில் கரித்தூள் குழிந்தது, எழும்பியது, இன்னும் ஆழமாகக் குழிந்தது. உயிரோடு இருந்தபோது இந்த இழுப்புக்கு ஒரு முடிவு இருந்தது. இனி அதுவும் கிடையாது. கதவில் தோள் மோதியது. தேவகனி அந்தச் சின்னக் கழுத்துக்குக் கீழே கையைக் கொடுத்தாள். கருத்த முகம் மெதுவாக, மிக மெதுவாக அவள் பக்கம் திரும்பியது. கண் இருக்க வேண்டிய இரண்டு இடங்களிலும் தூசி நனைந்து, கோடு கோடாகத் தலையணையில் வழிந்துகொண்டிருந்தது.