பதினேழாம் சீசா

வெள்ளிக்கிழமை இல்லாத ஒரு சிவப்புக் கோடு திங்கட்கிழமை பதினேழாம் சீசாவில் இருந்தது.

நுரையீரல் மீன் குஞ்சுக்கு மண்டை எப்படி உருவாகிறது என்பதுதான் இந்துமதியின் ஐந்து வருட ஆராய்ச்சி. செத்த குஞ்சின் குடலையும் நுரையீரலையும் அகற்றி, சதை தெளியும்வரை ஊறவைத்து, சாயமேற்றிக் கிளிசரினில் போடுவாள். குருத்தெலும்பு நீலமாகத் தெரியும், எலும்பு சிவப்பாக. பதினேழில் கிடந்த குஞ்சுக்கு உச்சந்தலை நீலமாகத்தான் இருந்தது. இப்போது அங்கே எலும்பு முளைத்திருந்தது. பார்த்ததை அப்படியே வரைந்துவிட்டாள்.

“செத்த மீனுக்கு மண்ட வளருமா? சீசாவ மாத்தி வச்சிட்டுக் கத சொல்லுத,” என்றார் வழிகாட்டி பால்துரை. “படத்தத் திருத்து. இல்லன்னா தீசிஸ்ல கையெழுத்துப் போட மாட்டேன்.”

“திருத்த மாட்டேன் சார். மூடியில நூல் கட்டி மெழுகு வைங்க. மேல நீங்களே கையெழுத்துப் போடுங்க. ஞாயித்துக்கிழம பாப்போம்.”

கண்ணால் கண்டதைப் பொய் என்று சொல்ல இவர் யார்? அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அவரும் வீம்புக்கு மெழுகு வைத்தார்.

ஞாயிறு மதியம் ஆய்வகத்தில் அவள் மட்டும்தான். உப்பளக் காற்று ஜன்னல் கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது, ஃபார்மலின் நெடி தொண்டையில் கமறியது, துறைமுகத்தில் ஏதோ கப்பல் நீளமாக ஊதி ஓய்ந்தபோது கரண்ட் போய், குளிர்பெட்டியின் உறுமலும் நின்றது.

ப்ளக்.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். மீன் மேலே வந்து காற்றை விழுங்கும் சத்தம். ஆனால் மீன் வளர்த்த தொட்டியைக் காலிசெய்து இரண்டு மாதமாகிறது.

பதினேழை எடுத்தாள். மெழுகு உடையவில்லை. கையெழுத்து கலையவில்லை. உள்ளே மண்டை முழுக்கச் சிவப்பு. அடியில் கிடந்த குஞ்சு இப்போது மேலே நின்றது.

பயம்தான். இருந்துவிட்டுப் போகட்டும். பென்சிலை எடுத்து ஒவ்வொரு எலும்பாக வரைந்தாள். பிறகு போன் போட்டாள்.

“சார், ஒங்க மெழுகு அப்படியே இருக்கு. வந்து பாருங்க. நான் ஒரு கோடுகூட மாத்தல.”

முதுகுக்குப் பின்னால், ப்ளக். அலமாரியில். இன்னொன்று. இன்னொன்று.

திரும்பினாள்.

நாற்பது சீசா. நாற்பது சிவப்பு மண்டைகள். எல்லாம் கிளிசரினுக்கு மேலே வாயைத் திறந்து காற்றை இழுத்துக்கொண்டிருந்தன. ஒன்றுக்கும் நுரையீரல் கிடையாது. அவள்தான் கத்தரித்து எடுத்திருந்தாள்.